புதிய போர்க்கப்பல் ஏன் தாமதமாகிறது?

(ஃபிரிகேட் வகைக் கப்பல்களின் நிர்மாணம் பற்றிய ஒரு பாடம்)

2025-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் மும்பைக் கடற்படைத் தளத்தில் ‘நீலகிரி’ என்னும் போர்க்கப்பல் நம் கடற்படைப் பணியில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலேயே திட்டமிட்டு, நம் நாட்டிலேயே கட்டப்பெறும் ‘17-ஏ திட்ட’த்தின் ஏழு கப்பல்களுள் அது முதலாவதாகும். அத்திட்டத்திற்கான ஒப்பந்தங்கள் 2015-ஆம் ஆண்டில் கையெழுத்தாயின. முதற்கப்பல் 2022-ஆம் ஆண்டில் கிடைக்கும் என்பது தொடக்கத்தில் இருந்த எதிர்பார்ப்பு. ஒப்பந்தத்திற்கும் கப்பலுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றுவிட்டன.

இச்செய்தியைப் படிக்கும் மாணவன் ஒருவன், “ஒரு கப்பலைக் கட்டப் பத்து ஆண்டுகள் வேண்டுமா?” என்று வினவுவது இயல்பே. “அரசாங்க வேலை அப்படித்தான்” என்று கூறி அவன் வாயை அடைத்துவிடுவது எளிது. அந்த விடை தவறானது என்பதைவிட, அதனால் ஒன்றும் விளங்குவதில்லை என்பதே அதன் பெருங்குறை. தாமதத்திற்கும் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை வகை பிரித்து அறியலாம். அறிந்தால் அவற்றுள் சிலவற்றைக் குறைக்கவும் கூடும். அவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஃபிரிகேட் என்பது யாது?

கடற்படைக் கப்பல்களில் பலவகை உண்டு. விமானந்தாங்கிக் கப்பல் மிகப் பெரியது. அதற்கும் வாணிகக் கப்பல்களுக்கும் காவலாகச் செல்லும் நடுத்தர அளவுள்ள போர்க்கப்பலையே ஃபிரிகேட் என்கிறோம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அழித்தல், எதிரியின் விமானங்களையும் ஏவுகணைகளையும் தடுத்தல், எதிரிக் கப்பல்களைத் தாக்குதல் ஆகிய மூன்று வேலைகளையும் அது ஒருங்கே செய்யவேண்டும். ஆகவே நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனார், வானத்தைத் துழாவும் ராடார், ஏவுகணைகள், பீரங்கி, ஹெலிகாப்டர், இவை யாவற்றையும் இயக்கும் மின்சார நிலையம், நூற்றுக்கணக்கான மாலுமிகள் வாழ்வதற்கான இடம் ஆகிய அனைத்தும் ஒரே கூட்டுக்குள் அடங்கவேண்டும். புதிய நீலகிரியின் நீளம் 149 மீட்டர். அது விலக்கும் நீரின் எடை ஏறத்தாழ 6,670 டன். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பொருள்களை அடக்குவதே ஃபிரிகேட் நிர்மாணத்தின் முதற்சிக்கல்.

முதற்பாடம்: பிறர் வரைபடம், நம் கைகள்

மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தையும் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தையும் இந்திய அரசாங்கம் 1960-ஆம் ஆண்டில் மேற்கொண்டது. 1966 அக்டோபரில் மசகான் தளத்தில் ஒரு ஃபிரிகேட்டின் கட்டுமானம் தொடங்கிற்று. பிரிட்டனின் ‘லியாண்டர்’ வகையைத் தழுவிய அக்கப்பல் 1968 அக்டோபர் 23-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டு, 1972 ஜூன் 3-ஆம் நாள் பணியில் சேர்ந்தது. அதற்கும் நீலகிரி என்றே பெயர். இன்றைய நீலகிரி, அம்மூத்த கப்பலின் பெயரைத் தாங்கியுள்ளது. ஹிமகிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி ஆகிய மேலும் ஐந்து கப்பல்கள் 1981-ஆம் ஆண்டுக்குள் அதே வரிசையில் கட்டப்பெற்றன.

அக்காலத்தில் வரைபடம் அயல்நாட்டினுடையது. அது பிரிட்டிஷ் கடற்படையில் முன்னமே சோதித்து அறியப்பட்டது. நம்மவர் கற்கவேண்டியிருந்தது கட்டும் தொழில் மட்டுமே. எனினும் அவர்கள் வெறுமனே பார்த்தெழுதும் மாணவர்களாய் இருந்துவிடவில்லை. வரிசையின் இறுதி இரு கப்பல்களான தாராகிரியும் விந்தியகிரியும் ‘சீ கிங்’ என்னும் பெரிய ஹெலிகாப்டரை ஏற்கத்தக்கவாறு மாற்றியமைக்கப்பட்டன.

அடுத்த படியாக அமைந்தது ‘கோதாவரி’ வகை. அதை நம் கடற்படையின் வடிவமைப்பாளர்களே வரைந்தனர். ரஷ்ய ஏவுகணைகளையும் மேலைநாட்டுச் சாதனங்களையும் நம் நாட்டுச் சாதனங்களையும் ஒரே கப்பலில் இணைத்தமையே அதன் சிறப்பு. ஆனால் அவர்கள் ஒரு விவேகமான எல்லையையும் வகுத்துக்கொண்டனர்: இயந்திரம் மட்டும் லியாண்டர் வகையில் பழகிய நீராவி இயந்திரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர். எல்லாவற்றையும் ஒரே வேளையில் புதிதாக்காமல், சிலவற்றைப் பழையனவாகவே வைத்துக்கொள்ளும் இம்முறையை வாசகர்கள் நினைவில் கொள்க. கோதாவரி 1983 டிசம்பரில் பணியில் சேர்ந்தது.

நீரில் இறங்கியது கப்பலா, கூடா?

இனித் தாமதத்தின் தன்மையை அறியவேண்டுமானால், ஒரு போர்க்கப்பல் எந்தெந்தப் படிகளைக் கடந்து வருகிறது என்பதை அறிதல் அவசியம்.

1. கடற்படை தனக்குத் தேவையான வேகம், ஆயுதம், பயணத் தூரம் ஆகியவற்றை வரையறுக்கிறது.

2. வடிவமைப்பாளர்கள் முதல் வரைபடத்தையும், பின்னர்ப் பட்டறைக்குரிய விரிவான வரைபடங்களையும் தயாரிக்கின்றனர்.

3. உருக்குத் தகடுகள் வெட்டப்படுகின்றன. கீல் எனப்படும் அடித்தண்டு அமைக்கப்பட்டு, அதன்மேல் கூடு எழுகிறது.

4. கூடு நீரில் இறக்கப்படுகிறது.

5. குழாய், மின்கம்பி, இயந்திரம், ஆயுதம் ஆகியன பொருத்தப்படுகின்றன.

6. முதலில் துறைமுகத்திலும் பின்னர்க் கடலிலும் சோதனைகள் நடைபெறுகின்றன.

7. கப்பல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டுப் பணியில் சேர்க்கப்படுகிறது.

நான்காம் படியில் விழா நடைபெறுகிறது, கொடிகள் பறக்கின்றன, செய்தித்தாள்களில் படங்கள் வெளியாகின்றன. அதைக் காண்போர் கப்பல் முடிந்துவிட்டதென்று கருதுகின்றனர். உண்மையில் அப்பொழுது முடிந்திருப்பது பெரும்பாலும் கூடு மட்டுமே. வீட்டிற்குச் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்தாயிற்று. அடுப்பும் விளக்கும் குழாயும் இன்னும் வரவில்லை என்பது போன்ற நிலை அது. போர்க்கப்பலின் நீண்ட காத்திருப்பு பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் படிகளிலேயே நிகழ்கிறது. ஆனால் அக்காத்திருப்பின் காரணம், பல வேளைகளில், முதலிரு படிகளில் விடப்பட்ட குறையேயாகும்.

கார்டன் ரீச்சில் கட்டப்பெற்ற ‘பிரம்மபுத்திரா’ இதற்கு நல்ல சான்று. 1989-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கப்பல் 1994 ஜனவரியில் நீரில் இறங்கி, 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பணியில் சேர்ந்தது. விமானங்களைத் தாக்குவதற்கென அதற்குக் குறித்திருந்த ‘திரிசூல்’ ஏவுகணை அப்பொழுது ஆராய்ச்சி நிலையிலேயே இருந்தது. ஏவுகணை முற்றுப்பெறவில்லை, இறுதியில் இஸ்ரேலின் ‘பராக்’ ஏவுகணையைப் பொருத்த நேர்ந்தது. இன்னும் பிறக்காத ஆயுதத்தை நம்பிக் கப்பலில் இடம் ஒதுக்கினால், ஆராய்ச்சிச்சாலையின் தாமதம் கப்பலின் தாமதமாகிவிடுகிறது.

ஷிவாலிக்கின் அனுபவம்

‘17-ஆம் திட்டம்’ எனப்பட்ட ஷிவாலிக் வகைக் கப்பல்களில், கோதாவரி காலத்து விவேகத்திற்கு மாறாக, அநேகமாக எல்லாமே புதியனவாய் இருந்தன. எதிரியின் ராடாருக்கு எளிதில் புலப்படாதவாறு சாய்ந்த பக்கங்கள் கொண்ட வடிவம்; நீராவிக்கு மாறாக, டீசல் இயந்திரமும் வாயு டர்பைனும் சேர்ந்த புதிய இயந்திர அமைப்பு; புதிய வகை உருக்கு; புதிய மின்னணுச் சாதனங்கள்.

இயந்திர அமைப்பைச் சற்று விளக்குவோம். கப்பலின் வேகம் இருமடங்கானால், அதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. சக்தி, வேகத்தின் கனத்தையொட்டி உயருகிறது என்பது பொறியியலாரின் தோராயமான விதி. மணிக்கு 14 கடல் மைல் செல்லும்போது ஓர் அளவு சக்தி போதுமெனில், 28 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 52 கிலோமீட்டர், செல்ல அதைப்போல் எட்டு மடங்கு வேண்டும். எப்பொழுதும் பேரியந்திரத்தை ஓட்டினால் எண்ணெய் வீணாகும். ஆகவே சாதாரணப் பயணத்திற்கு டீசல் இயந்திரமும், விரைவு வேண்டும்போது வாயு டர்பைனும் மாறி மாறிச் சுழல்விசையை அளிக்குமாறு பல்சக்கரப் பெட்டி அமைக்கப்படுகிறது. இவ்வமைப்பை நம் நாட்டில் முதன்முதலாக ஏற்றது ஷிவாலிக் கப்பலே.

ஷிவாலிக்கின் கீல் 2001 ஜூலையில் அமைக்கப்பட்டது. 2003 ஏப்ரலில் கூடு நீரில் இறங்கிற்று. பணியில் சேர்ந்தது 2010 ஏப்ரல் 29-ஆம் நாள். நீரில் இறங்கியதிலிருந்து ஏழு முழு ஆண்டுகள் சென்றன. இதற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, உருக்கு. போர்க்கப்பலுக்கு வேண்டிய உருக்கு, பாலத்திற்கு வேண்டிய உருக்கைப் போன்றதன்று. குண்டின் அதிர்ச்சியில் கண்ணாடிபோல் உடையாமல் வளைந்து கொடுக்கவேண்டும். பற்றவைத்த இணைப்புகளும் அவ்வாறே உறுதியாயிருக்கவேண்டும். அத்தகைய உருக்கிற்கு அப்பொழுது நாம் ரஷ்யாவை நம்பியிருந்தோம்; அது உரிய காலத்தில் வந்துசேரவில்லை.

இரண்டாவது, அயல்நாட்டு இயந்திரம். வாயு டர்பைன்கள் அமெரிக்க நிறுவனத்தின் படைப்பு. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவற்றை இயக்கிவைக்கும் பணியைத் தற்காலிகமாக நிறுத்துமாறு அமெரிக்க அரசாங்கம் அந்நிறுவனத்திற்குக் கட்டளையிட்டது. தடை பின்னர் நீங்கியது. ஆனால் இழந்த காலம் திரும்பவில்லை.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. கப்பலின் வரைபடம் முடிவுறுமுன்பே கட்டுமானம் தொடங்கிவிட்டது. இதைக் காலத்தைச் சேமிக்கும் வழியென்று கருதி மேற்கொண்டனர்: வடிவமைப்பும் கட்டுமானமும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்குமானால் விரைவில் முடியுமன்றோ? நம் நாட்டுப் போர்க்கப்பல் நிர்மாணத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2010-11-ஆம் ஆண்டு அறிக்கை, இம்முறையால் விளைந்த மாறுதல்களையும், ஆயுதங்களைப் பற்றிய முடிவுகள் காலங்கடந்து எடுக்கப்பட்டதையும் எடுத்துக்காட்டிற்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 2,250 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட மூன்று கப்பல்களின் செலவு, ஏறத்தாழ 8,100 கோடி ரூபாயாக உயர்ந்தது என்பதையும் அவ்வறிக்கையால் அறிகிறோம்.

ஒரு சிறு மாற்றம் எவ்வாறு பெருகுகிறது?

“ஒரு ராடாருக்குப் பதிலாக மற்றொரு ராடார், இதில் என்ன பெரிய கஷ்டம்?” என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

புதிய ராடார் பழையதைவிட 2 டன் கூடுதல் எடையுள்ளது என்றும், அது கப்பலின் புவியீர்ப்பு மையத்திற்கு 20 மீட்டர் உயரத்தில், கொடிமரத்தின் உச்சியில் அமைகிறது என்றும் கொள்வோம். அதன் திருப்புத்திறன் 2 × 20 = 40 டன்-மீட்டர். கப்பல் எளிதில் கவிழாதிருக்க, இதை ஈடுசெய்யும் பாரத்தை அடித்தளத்தில் வைக்கவேண்டும். மையத்திற்கு 4 மீட்டர் கீழேதான் இடமுண்டு எனில், 40-ஐ 4-ஆல் வகுக்க, 10 டன் பாரம் தேவையாகிறது. ஆக 2 டன் மாற்றத்தால் கப்பலின் எடை 12 டன் கூடிற்று. கப்பல் சற்று ஆழ அமிழும், வேகம் குறையும், வேகத்தை மீட்க இயந்திரசக்தி வேண்டும்.

இஃது எடையளவில் மட்டும். ராடாருக்கு மின்சாரம் தேவை. மின்சாரத்திற்குக் கம்பி தேவை. கம்பி செல்ல அறைச்சுவரில் துளை தேவை. சாதனம் சூடேறாமலிருக்கக் குளிர்நீர்க் குழாய் தேவை. ஒரு ஃபிரிகேட்டிற்குள் பலநூறு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகள் ஓடுகின்றன. காகிதத்தில் ஒரு கோட்டை அழித்து வேறு கோடு வரைவதற்கு ஒரு மணி நேரம் போதும். அதே மாற்றத்தை, சுவரும் குழாயும் கம்பியும் அமைந்துவிட்ட கூட்டிற்குள் செய்யப் பல வாரங்கள் ஆகும். ஒருவர் நுழையும் அறையில் பத்துப்பேர் நின்று வேலை செய்ய இயலாதாகையால், ஆட்களைக் கூட்டியும் பயனில்லை. கூடு எழுவதற்குமுன் சிந்தித்து முடிக்காத ஒவ்வொன்றும், கூடு எழுந்தபின் பன்மடங்கு வட்டியுடன் திரும்பி வருகிறது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

செல்வமும் அனுபவமும் மிக்க நாடும் இவ்விதிக்கு விலக்கன்று. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை ‘கான்ஸ்டலேஷன்’ என்னும் ஃபிரிகேட் வகைக்கு ஒப்பந்தம் செய்தது. முன்னமே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கப்பலின் வரைபடத்தை எடுத்துக்கொண்டால் விரைவில் முடியும் என்பது அதன் உத்தேசம். மூல வரைபடத்தில் 85 விழுக்காடு அளவு அப்படியே இருக்கும் என எண்ணப்பட்டது. மாற்றங்கள் குவிந்து, ஒற்றுமை 15 விழுக்காடு அளவிற்குக் குறைந்துவிட்டதாகப் பின்னர்க் கூறப்பட்டது. வரைபடம் முடிவுறாமலே 2022-இல் கட்டுமானம் தொடங்கிற்று. முதற்கப்பல் மூன்று ஆண்டுகள் தாமதமாக 2029-இல்தான் கிடைக்கும் என்பது 2024-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டிலேயே, கப்பலின் எடை முதல் மதிப்பீட்டைவிடப் பத்து விழுக்காட்டிற்குமேல் கூடிவிட்டதென அறிவித்தது. 2025 நவம்பரில், முதல் இரண்டு கப்பல்களுக்குமேல் கட்டுவதில்லை என்று அந்நாட்டுக் கடற்படை முடிவு செய்தது. காரணம் வேறொன்றுமன்று, ஷிவாலிக்கில் நாம் கண்ட அதே குறைதான்.

அயல்நாட்டிலிருந்து வாங்கிவிட்டால் தாமதமே இராது என்று கருதுவதும் பொருந்தாது. 1997-ஆம் ஆண்டில் ரஷ்யாவிடம் நாம் ஒப்பந்தம் செய்த ‘தல்வார்’ கப்பல், அதன் விமான எதிர்ப்பு ஏவுகணைச் சாதனம் சோதனைகளில் தேறாமையால் காலங்கடந்து, 2003 ஜூனில்தான் பணியில் சேர்ந்தது.

புதிய நீலகிரி கற்றுத்தந்தவை

17-ஏ திட்டத்தை வகுத்தவர்கள் ஷிவாலிக்கின் அனுபவத்தை முன்வைத்துக்கொண்டே வகுத்தனர். ஷிவாலிக்கின் அடிப்படையையே வளர்த்தனர். டீசலும் வாயு டர்பைனும் மாறி மாறி இயங்கும் அதே முறையைப் பின்பற்றினர். உருக்கிற்கு அயல்நாட்டை நாடவேண்டிய நிலையும் நீங்கிற்று. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிச்சாலையும் இந்திய உருக்கு ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘டி.எம்.ஆர். 249-ஏ’ என்னும் உருக்கு, ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலிலும் ‘கமோர்ட்டா’ கப்பலிலும் பயன்பட்டுத் தேர்ந்தது. அதுவே இக்கப்பல்களுக்கும் அளிக்கப்பட்டது. ஹிமகிரி, உதயகிரி ஆகிய இரண்டிற்கும் சேர்த்து ஏறத்தாழ 8,000 டன் உருக்கை நம் ஆலைகளே வழங்கின.

கட்டும் முறையும் மாறிற்று. முழுக் கூட்டையும் எழுப்பியபின் உள்ளே குழாய் அமைப்பதற்கு மாறாக, கப்பலைப் பல பெரும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் திறந்திருக்கும்போதே அதற்குள் குழாய்களையும் தட்டுகளையும் பொருத்தி, பின்னர் அப்பகுதிகளை ஒன்றோடொன்று பற்றவைத்தனர். இதற்கு இத்தாலியக் கப்பல் நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவி பெறப்பட்டது. இம்முறையில் ஒரு கண்டிப்பு இயல்பாகவே அமைந்துள்ளது: குழாய் எங்கே செல்லும் என்பது முன்னமே முடிவாகாவிட்டால், பகுதியை மூடவே இயலாது.

ஏழு கப்பல்களுள் நான்கு மசகான் தளத்திற்கும், மூன்று கார்டன் ரீச்சிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. எனினும் முதற்கப்பல் தாமதமாகவே வந்தது. இரு தளங்களுக்கும் பகுதி பகுதியாகக் கட்டும் இம்முறை பெரும்பாலும் புதிது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலாளர் வரவும் பொருள்களின் வரவும் தடைப்பட்டன. ஆனால் அடுத்தடுத்த கப்பல்களின் கணக்கு நம்பிக்கையூட்டுவதாகும். நீரில் இறங்கியது முதல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது வரை சென்ற காலம் வருமாறு:

நீலகிரி (மசகான், முதற்கப்பல்): 2019 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரை, ஏறத்தாழ 63 மாதங்கள்.

ஹிமகிரி (கார்டன் ரீச், முதற்கப்பல்): 2020 டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை, ஏறத்தாழ 55 மாதங்கள்.

உதயகிரி (மசகான், இரண்டாம் கப்பல்): 2022 மே முதல் 2025 ஜூலை வரை, 37 மாதங்கள்.

ஹிமகிரி, உதயகிரியைவிட 17 மாதங்கள் முன்னதாக நீரில் இறங்கிற்று. ஆயினும் இரண்டும் 2025 ஆகஸ்டு 26-ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் ஒன்றாகவே பணியில் சேர்ந்தன. வரைபடம் ஒன்றே, உருக்கு ஒன்றே. மசகான் தளத்தினர் ஒரு கப்பலைக் கட்டிப் பழகியிருந்தனர். கார்டன் ரீச் தளத்தினருக்கு அது முதற்கப்பல். பழக்கம் காகிதத்தின் வழியே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு முழுமையாகச் சென்றுவிடுவதில்லை. அதை அந்தந்தப் பட்டறையின் கைகளே ஈட்டவேண்டும் என்பதை இது புலப்படுத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு கப்பலைக் கரையிலேயே அதிகம் முடித்துவிட்டுத் தாமதமாக நீரில் இறக்கினால், மேற்கண்ட மாதக்கணக்கு தானாகவே குறைந்துவிடும். ஆகவே அக்கணக்கை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. கட்டுமானத்தின் முழுக்காலத்தையும் பார்க்கவேண்டும். அதிலும் முன்னேற்றம் உண்டு: நீலகிரிக்கு 93 மாதங்கள் ஆயின, 2025 நவம்பர் 28-ஆம் நாள் ஒப்படைக்கப்பட்ட தாராகிரிக்கு 81 மாதங்களே ஆயின. முன்னைய கணக்கில் தோன்றும் குறைவு மிகப் பெரிது; இக்கணக்கில் தோன்றுவது ஓராண்டு. இரண்டாவதே அடக்கமான, நம்பத்தக்க அளவு.

தாமதத்தின் விலை

தாமதத்தால் பணம் மட்டுமே இழக்கப்படுகிறது என எண்ணலாகாது. புதிய கப்பல் வரும்வரை பழைய கப்பல் உழைக்கவேண்டும். ஆனால் பழைய கப்பலின் முதுமை நம் அட்டவணைக்காகக் காத்திராது. கோதாவரி 2015-ஆம் ஆண்டிலும், கங்கா 2018-ஆம் ஆண்டிலும் ஓய்வு பெற்றன. அவ்வகையின் இறுதிக் கப்பலான கோமதி, 34 ஆண்டுகள் உழைத்தபின் 2022 மே மாதத்தில் விடைபெற்றது. புதிய வகையின் முதற்கப்பல் சேர்ந்ததோ 2025 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் எஞ்சியிருந்த கப்பல்களும் அவற்றின் மாலுமிகளுமே கூடுதல் கடமையைச் சுமந்தனர். காவல் குறைந்த கடலும், ஓய்வு குறைந்த மாலுமியுமே தாமதத்தின் உண்மை விலை.

தாமதங்களை வகைபிரித்தல்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், தாமதம் மூவகைப்படும் என்பது விளங்கும்.

ஒன்று, கற்றலால் வரும் தாமதம். புதிய வகையின் முதற்கப்பலில் இது தவிர்க்கவியலாதது. ஆனால் தொடர்ந்து கட்டினால் அடுத்த கப்பலில் குறைகிறது. இடையில் பல ஆண்டுகள் கட்டாமலிருந்தால், பழகிய கைகள் கலைந்து, அதே விலையை மீண்டும் கொடுக்க நேரும்.

இரண்டு, பொருள் வரவால் ஏற்படும் தாமதம். இதற்கு மருந்து, முன்னதாகவே ஆணையிடுதலும், இன்றியமையாத பொருளை நம் நாட்டிலேயே செய்துகொள்ளுதலும் ஆகும். உருக்கின் வரலாறு இதற்குச் சான்று.

மூன்று, முடிவெடுக்காமையால் வரும் தாமதம். இதுவே மிகுந்த செலவுடையது. இதுவே தவிர்க்கத்தக்கதும் ஆகும். தொடக்கத்தில் ஓராண்டு கூடுதலாகச் சிந்திப்பவரை மந்தமானவர் என்று உலகம் பழிக்கும். ஆயினும் அந்த ஓராண்டு, பின்னர்ப் பல ஆண்டுகளை மீட்டுத்தரக்கூடும்.

களப்பணியாளர்கள் இம்மூன்று வகைகளையும் தம் வேலைகளிலும் காணலாம். ஒரு கிராமத்துக் குடிநீர்த் திட்டம் தாமதமாகும்போது, குழாய் வரவில்லையா, வேலையாட்களுக்குப் பழக்கமில்லையா, அல்லது நீர்த்தொட்டி எங்கே அமையும் என்பதே முடிவாகாமல் பள்ளம் தோண்டத் தொடங்கினோமா என்று பிரித்துக் கேட்டால், பழிக்க ஒருவரைத் தேடும் வேலை குறைந்து, திருத்த வழி புலப்படும்.

வகுப்பறைக்கு ஒரு பரிசோதனை

அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, மூடியில்லாத ஒரு சிறு தகரப்பெட்டியை மிதக்கவிடுக. பெட்டியின் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைக் களிமண்ணால் நிமிர்த்தி நிறுத்துக. சிறிதளவு களிமண்ணை உருட்டிக் குச்சியின் அடியில் ஒட்டிப் பெட்டியை மெல்லச் சாய்த்து விடுக. அது விரைவில் நிமிரும். அதே உருண்டையைக் குச்சியின் நடுவிலும், பின்னர் உச்சியிலும் ஒட்டிப் பார்க்க. நிமிர்வது மந்தமாகி, இறுதியில் பெட்டி கவிழ்வதையும் காணலாம். கவிழாமலிருக்கப் பெட்டியின் அடியில் எத்தனை உருண்டைகள் வைக்கவேண்டியுள்ளது என்பதை மாணவர் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். உண்மைக் கப்பலிலும் இத்தகைய சோதனை உண்டு: மேல்தளத்தில் அறிந்த எடைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்தி, தொங்கும் ஊசலால் சாய்வை அளந்து, கப்பலின் புவியீர்ப்பு மையத்தைக் கணக்கிடுகின்றனர்.

வினாக்கள்

1. நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பலை முடிவுற்ற கப்பல் எனக் கருதலாகாது. ஏன்?

2. மையத்திற்கு 15 மீட்டர் உயரத்தில் 3 டன் கூடுதல் எடை ஏறுகிறது. மையத்திற்கு 5 மீட்டர் கீழே வைக்கும் பாரம் எவ்வளவு இருக்கவேண்டும்? கப்பலின் மொத்த எடை எவ்வளவு கூடும்?

3. கோதாவரியின் வடிவமைப்பாளர்கள் பழைய நீராவி இயந்திரத்தையே வைத்துக்கொண்டதால் விளைந்த நன்மை யாது?

4. உங்கள் ஊரில் காலங்கடந்து முடிந்த ஒரு பொதுப்பணியை எடுத்துக்கொண்டு, அதன் தாமதம் மேற்கூறிய மூவகையுள் எதனைச் சார்ந்தது என்பதைக் காரணத்துடன் எழுதுக.